டாம்கின் செத்துப்போன வெள்ளிக்கிழமை

எனக்கு மூக்குமேல் கோபம் வரும் என்பது எங்கள் பக்கத்து ஆறு பண்ணைகளுக்கும் தெரியும். எனக்கு அழுகையும் வரும் என்பது மட்டும் தொண்ணூற்றாறு ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமைவரை யாருக்கும் தெரியாமல் இருந்தது. தெரியவைத்தது என் பின்புறம்தான். வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

எங்கள் பக்கம் என்றால் லாங்ரீச் டவுனிலிருந்து மேற்கே மூன்று மணி நேர மண் ரோடு. மாடுகள் ஆயிரக்கணக்கில், மனுஷர்கள் விரல்விட்டு எண்ணும்படி. வீட்டில் ஒரு போன் உண்டு. வெளியே போனால் வண்டியில் இருக்கும், பொத்தானை அமுக்கிப் பேசுகிற ரேடியோதான் கதி. ஆறு பண்ணைக்கும் ஒரே அலைவரிசை, ஒருத்தர் மைக்கைப் பிடித்துத் தும்மினால் மற்ற ஐந்து பண்ணையும் ‘நூறு ஆயுசு’ என்று சொல்லும். அதில் ரகசியம் பேசுகிறவனைப் போல முட்டாள் கிடையாது என்று நானே பல பேரைத் திட்டியிருக்கிறேன்.

நான் இங்கே மாடு மேய்ப்பவர்களுக்குச் சமைக்க வந்தவள். வந்த இடத்தில் முதலாளி ராஸையே கட்டிக்கொண்டேன். அவருக்கு முதல் மனைவி விட்டுப்போன ஒன்பது வயதுப் பெண் ஒன்று இருந்தது, பெயர் பிரைடி. கல்யாணமாகி ஆறு மாதம் அவள் என்னோடு பேசவே இல்லை. “அப்பா, அந்தச் சமையல்காரிகிட்ட உப்பு கேளுங்க” என்பாள். உப்பு என் கையில்தான் இருக்கும்.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டு மூன்று வாரம் ரோடு அறுந்துபோனது. அந்த நேரம் பார்த்து அவள் கண்ணாடி உடைந்தது. கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்கு எழுத்து எறும்புதான். மழைக்கு முந்தின தபாலில் வந்த புது நாவல் ஒன்று பாதியில் நிற்கிறது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“உனக்குப் படிக்கத் தெரியுமா?”

“உங்கப்பனை விட நல்லாவே தெரியும்.”

“அப்ப படி.”

படித்தேன். ‘மணிக்கூண்டுத் தீவு’ வரிசையில் அது முதல் புத்தகம். கடல் ஏறி மூழ்கிக்கொண்டிருக்கும் தீவு, அதில் ஓர்லா என்று ஒரு பிடிவாதக்காரப் பெண், டாம்கின் என்று ஒரு படகுக்காரப் பையன். டாம்கினுக்கு எப்போதும் பசி. தலைபோகிற ஆபத்திலும் “சாப்பிட ஏதாச்சும் இருக்கா?” என்று கேட்பான். நான் அவனுக்கு ஒரு கரகரத்த குரல் வைத்துப் படித்தேன். பிரைடி முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு இருந்த சந்தோஷத்தில் அன்றைக்கு இரண்டு தடவை புட்டிங் செய்தேன்.

அதற்கப்புறம் கண்ணாடி வந்தது. ஆனாலும் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது புத்தகங்களை நான்தான் படித்தேன், அவள்தான் கேட்டாள். ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி ஒரு வரி தொடக்கூடாது. அதுதான் சட்டம்.

பதின்மூன்று முடிந்ததும் அவளைத் தூரத்து டூவூம்பா நகரில் விடுதியோடு சேர்ந்த பள்ளிக்கு அனுப்பினோம். இங்கே எல்லாப் பிள்ளைகளும் போவதுதான். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் போன் பேசலாம். நான் அந்தப் பத்து நிமிஷத்துக்காக வாரம் முழுக்க விஷயம் சேர்த்து வைப்பேன். எந்தப் பசு கன்று போட்டது, எந்த வேலியை ஒட்டகம் பிய்த்தது என்று மூச்சுவிடாமல் சொல்வேன். அந்தப் பக்கம் “ம்.” சாப்பாடு எப்படி? “ம்.” சினேகிதிகள் கிடைத்தார்களா? “ம்.” நாலு மாதம் இந்த ‘ம்’தான். போனை வைத்துவிட்டு நான் பாத்திரம் தேய்க்கிற சத்தத்தில் ராஸ் மாட்டுக்கொட்டடிக்கே ஓடிவிடுவார்.

மே மாதம் ஐந்தாம் புத்தகம் தபாலில் வந்தது. அந்த ஞாயிறு மட்டும் அவளுக்குத் திடீரென்று வாய் முளைத்தது.

“வந்துடுச்சா? தொடாத. லீவுக்கு நான் வர்ற வரைக்கும் அட்டையக்கூடத் திறக்காத. சத்தியம் பண்ணு.”

“சத்தியம்.”

சத்தியம் செய்தவள் பதின்மூன்று நாள் தாக்குப்பிடித்தேன். பதினாலாம் நாள் ஞாயிறு, மறுபடி அந்த ‘ம்’. எனக்கு வந்ததே கோபம்! மகாராணிக்கு என்னிடம் பேச வாய் வலிக்கிறது, நான் மட்டும் அவளுக்காக விரதம் இருக்க வேண்டுமா என்று முதல் அத்தியாயத்தைத் திறந்தேன். கெட்ட குடியே கெடும் என்பார்களே, அப்புறம் நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு அத்தியாயம், குற்ற உணர்ச்சியோடு, ருசியோடு.

அந்த வெள்ளிக்கிழமை அவள் வருகிறாள். பஸ்ஸிலிருந்து அழைத்துவர ராஸ் விடியற்காலையிலேயே லாங்ரீச் போய்விட்டார். நான் மாட்டுத் தொட்டிகளில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்கக் கிளம்பினேன். கடைசித் தொட்டியில் பம்பைப் போட்டால் நிறைய ஒரு மணி நேரம் ஆகும். மைக்கை வண்டி இருக்கையில் போட்டுவிட்டு, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டு, வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தேன். எனக்கு மனசுக்குள் படிக்க வராது. நாலு புத்தகம் குரல் வைத்துப் படித்த வாய், சும்மா இருக்காது.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் டாம்கின் செத்தான்.

மற்றவர்கள் கரையேறுவதற்காகப் படகுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஓர்லா விட்டுவிடச் சொல்லிக் கத்துகிறாள். இவன் “அக்கரையில சாப்பிட ஏதாச்சும் எடுத்து வை” என்கிறான். அலை வருகிறது. அவ்வளவுதான். நான் அந்தக் கரகரத்த குரலில் அதைப் படித்து முடித்தேன், முடித்த கையோடு ‘ஓ’வென்று அழுதேன். ஐம்பத்திரண்டு வயதுப் பொம்பளை, ஒரு மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில், எழுத்தில் இருக்கிற ஒரு பையனுக்காக மாரடித்துக்கொண்டு அழுதேன். அதை எழுதினவளை வாயில் வந்தபடி திட்டினேன். “நாசமாப் போறவளே, அவனைத்தானா உனக்குக் கொல்லத் தோணுச்சு? அந்தக் குட்டி இதை எப்படித் தாங்குவா?”

அப்போதுதான் உறைத்தது. நாளைக்கு அவளுக்கு இதை நான் படிக்க வேண்டும், முதல் தடவை படிக்கிற மாதிரி. ஒத்திகை பார்த்தேன்.

“ஐயையோ! டாம்கினா? இல்ல, இல்லவே இல்ல!” நாடகக் கம்பெனிக்காரி மாதிரி இருந்தது. இரண்டாம் தடவை நெஞ்சில் கை வைத்துப் பெருமூச்சு விட்டேன். மாடு செருமியது போலிருந்தது. மூன்றாம் தடவை மெதுவாக, “அடப்பாவிப் பயலே” என்று மட்டும் சொன்னேன். அது சரியாக வந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அழுத மனசு எங்கே நிற்கும்? வண்டிக் கண்ணாடி வழியே பசுக்களைப் பார்த்துச் சொன்னேன். “இன்னும் ரெண்டே புத்தகம்தான் பாக்கி. அதுவும் முடிஞ்சா இந்தப் பொண்ணு என்கிட்ட என்ன பேசப்போறா? அவளுக்கு நான் யாரு? படிச்சுக் காட்டுற சமையல்காரி. எனக்கு அவ யாருன்னு நான் எங்க போய்ச் சொல்ல? அவ போன நாள்லேர்ந்து இந்த வீடு வீடாவே இல்ல.”

தொட்டி நிறைந்து வழிந்தது. பம்பை நிறுத்த எழுந்தேன்.

எழுந்ததும் ரேடியோ வெடித்தது.

“எந்திரிச்சுட்டா! எந்திரிச்சுட்டா!” ரோடு போடுகிற மெர்வ்தான் பேசினான். கிழவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். “அம்மா தாயே, நோலீன்! ஒரு மணி நேரமா மைக் மேல உக்காந்திருக்க! பொத்தான் அமுங்கிப் போய் யாரும் வாயத் திறக்க முடியல. உன் ஒருத்தி குரல்தான் ஜில்லா பூரா!”

“இவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டா இருந்தீங்க? வெட்கமா இல்ல?”

“அணைக்கலாம்னுதான் பார்த்தேன். அந்தப் பய படகுல ஏறிட்டான், அப்புறம் எப்படி அணைக்கிறது? உனக்கு மூணாவதுதான் நல்லா வந்துச்சு.”

என் மானம் கப்பலேறியது. மெர்வைக் கிழிப்பதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் ராஸின் குரல் வந்தது, ரொம்ப மெதுவாக. “நோலீன், நாங்க பண்ணையோட பெரிய கேட்டுக்கிட்ட வந்துட்டோம். பிரைடி பக்கத்துலதான் இருக்கா. எல்லாம் கேட்டுடுச்சு.”

பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அந்த ‘ம்’கூட இல்லை. ஐந்து வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒரே ஒரு பாலத்தை என் கையாலேயே இடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

நான் வீட்டுக்கு வந்தபோது அவர்கள் வண்டி வாசலில் நின்றது. ராஸ் டயரைப் பார்க்கப் போகிறேன் என்று நழுவினார். நாலு டயரும் நன்றாகத்தான் இருந்தன. நான் மாட்டுக்கறியை அடுப்பில் ஏற்றிவிட்டுத் திரும்பினால், பள்ளிச் சீருடையோடு சமையலறை மேஜைக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருக்கிறாள். வளர்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

“சத்தியம் பண்ணியே.”

“பண்ணேன்.”

“பொய்க்காரி.”

“ஆமா. பொய்க்காரிதான். திட்டு, நல்லாத் திட்டு.”

தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? புத்தகத்தை அவள் முன்னால் வைத்தேன். “இருநூத்திப் பன்னெண்டோட நிறுத்திட்டேன். இனிமே நீயே படிச்சுக்க. கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்ல.”

“உக்காரு,” என்றாள். “முதல்லேர்ந்து படி.”

“உனக்குத்தான் எல்லாம் தெரிஞ்சுபோச்சே?”

“ஒரு அத்தியாயம்தானே தெரியும். மெர்வுக்கும்தான் தெரியும். படி.”

உட்கார்ந்தேன். படித்தேன். ஒரு பக்கம் போயிருக்கும். அவள் கையை நீட்டிப் பக்கத்தை மறைத்தாள்.

“நோலீன், விடுதியில போன் எங்க இருக்கு தெரியுமா? நடைவழியில. பின்னாடி பதினஞ்சு பேர் வரிசையில நிப்பாங்க. நான் எதுக்காவது அழுதா அன்னிக்கு ராத்திரியே ஹால் பூரா நடிச்சுக் காட்டுவாங்க. அதான் ‘ம்’.”

ஆறு பண்ணை கேட்கிற ரேடியோவில் ரகசியம் பேசக்கூடாது என்று ஊருக்கு உபதேசம் செய்தவளுக்கு, அந்தக் குழந்தை எங்கே நின்று பேசுகிறாள் என்று ஒரு நாளாவது கேட்கத் தோன்றவில்லை. என் கோபத்தில் தீயை வைக்க.

“நீ பசுமாட்டுக் கதையெல்லாம் சொல்லுவியே,” என்றாள். “நான் கண்ண மூடிக் கேட்டுக்கிட்டே இருப்பேன். நிறுத்திடாத.”

பிறகு புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி மூடி, அந்தப் பக்கம் தள்ளி வைத்தாள். காலணியைக் கழற்றி உதறிவிட்டுக் காலை நாற்காலிமேல் மடித்துக்கொண்டாள்.

“என் ரூம்ல ஒருத்தி இருக்கா, பேரு பெர்னிஸ். ராத்திரி பூரா பல்லக் கடிக்கிறா, நோலீன், கொட்டடியில குதிரை கட்டின மாதிரி. முதல் வாரம் நான் தூங்கவே இல்ல. அப்புறம் என்ன ஆச்சுன்னா...”

பெர்னிஸ் முடிந்து கணக்கு டீச்சர் வந்தாள். கணக்கு டீச்சர் முடிந்து, முதல் மாதம் யாருக்கும் தெரியாமல் துணி துவைக்கிற அறையில் போய் அழுதது வந்தது. நாலு மாதத்து ‘ம்’களும் வாய் திறந்து ஒவ்வொன்றாக வந்தன. அடுப்பில் கறி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. நான் எழுந்திருக்கவில்லை.