கிரானைட் மேடையில் இரண்டு துளை

அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அவரை டிரைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். பகலெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு வந்து, வீட்டில் சமையலும் அவர்தான். அவர் மனைவி தையல்காரி. அடுப்படி அவளுக்கு ஒத்துவராது; அதை அவள் மறைத்ததும் இல்லை.

பக்கவாதம் வந்து அவருடைய வலது கை செயலற்றுப் போனது. சாய்வு நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவரை, எப்படியாவது அடுப்படிக்கு இழுத்துவிட அவள் நினைத்தாள். ஒரு பலகையில் நீள ஆணிகளை முனை மேலே நிற்கும்படி அடித்தாள். காயை அதில் குத்தி நிறுத்தினால் இடது கையாலேயே நறுக்கலாம். ஆனால் வழவழவென்ற கிரானைட் மேடையில் பலகை நில்லாமல் ஓடியது. அடியில் ஈரத்துணி போட்டும் பயனில்லை. காயும் கத்தியும் தரையில் விழுந்த அன்று, "விடு, நம்மால ஆகாது" என்று சொல்லிவிட்டு அவர் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் தம்பியிடம் பேட்டரி டிரில்லை இரவல் வாங்கிவந்தாள். கல்லில் துளை போட்டு, பலகையை போல்ட்டால் இறுக்கிவிடுவது என்று முடிவு. சுவரைத் துளைக்கும் பிட்டை டிரில்லின் முனையில் மாட்டி அழுத்தினாள். அது வழுக்கி வழுக்கி ஓடியது, கிறீச்சிட்டது, முனை புகைந்தது. கல்லில் விழுந்தது ஒரு கீறல்தான்.

வாசல் மணி அடித்தது. கீழ் வீட்டு அக்கா. தண்ணீர் ஒழுகிய தகராறில் இரு வீட்டுக்கும் பேச்சே நின்றுபோயிருந்தது. வரிந்துகட்டிக்கொண்டு நின்றாள் தையல்காரி. அக்கா நேரே உள்ளே போய் மேடையைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், எதற்கு என்று கேட்டாள். பதிலைக் கேட்டபின் கல்லில் விழுந்த கீறலை விரலால் தடவிப் பார்த்தாள். அவளுக்குப் பல் ஆஸ்பத்திரியில் வேலை.

"தண்ணி விடாம குடைஞ்சா பல்லே சூடாயிடும். இது கல்லு, சும்மா விடுமா?" என்றாள்.

இருவருமாகக் கடைக்குப் போனார்கள். வைரத்தூள் பதித்த, குழாய் போன்ற பிட்டைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். டிரில்லில் இடித்துத் துளைக்கும் விசையைப் போடக் கூடாது, மெதுவாகச் சுற்றவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

குறித்த இடத்தைச் சுற்றிப் பிசைந்த மாவால் வரப்பு கட்டினார்கள். அக்கா ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீரைப் பீய்ச்ச, தையல்காரி பிட்டைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தாள். பிறை போல ஒரு தடம் விழுந்ததும் நிமிர்த்தினாள். பால் போலக் கல்மாவு கலங்கி வந்தது. அவள் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

"அவசரப்படாத. மேடு ஏறுற மாதிரி நெனச்சுக்க. முதல் கியர்லயே போ."

திரும்பிப் பார்த்தாள். கதவு நிலையில் சாய்ந்தபடி அவர் நின்றிருந்தார். எழுந்து வந்தது யாருக்கும் தெரியவில்லை.

கல்வில்லை பெயர்ந்து மேடைக்கு அடியில் வைத்த வாளியில் டங்கென்று விழுந்தது. அடுத்த துளை சுலபமாகவே இறங்கியது. அடியில் நட்டைப் போட்டு முறுக்கியதும் பலகை அசையாமல் நின்றது. அவர் ஒரு கேரட்டைக் குத்தி நிறுத்தி, கோணல்மாணலாக நறுக்கி முடித்தார்.

அக்காவை வழியனுப்ப அவள் படிவரை போனாள்.

"நீங்க சண்டைக்கு வர்றீங்கன்னு நெனச்சேன்க்கா."

"அதுக்குத்தாம்மா வந்தேன்" என்றாள் அக்கா.

தையல்காரி அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். ஈரம் காயாத அந்தக் கைகளில் கல்மாவு ஒட்டியிருந்தது. வெகுநேரம் விடவில்லை.