தங்கையாக வேண்டாம்

அந்த வழக்கில் தோற்றுவிடுவோம் என்ற பயம் அரசு வக்கீலுக்கு ஒருநாளும் வரவில்லை. நெருங்கிய ரத்த உறவுக்குள் யாரும் கணவன் மனைவியாக உறவு கொள்ளக்கூடாது என்று சட்டம் பச்சைப்பிள்ளைக்கும் புரியும்படி சொல்லியிருந்தது. கூண்டில் நின்ற இருவரும் உடன்பிறந்தவர்கள்.

ஒருவர் பேருந்து ஓட்டுநர், மற்றவள் தையல்காரி. இருவரும் கைக்குழந்தையாக இருந்தபோதே பெற்றவள் ஆளுக்கொரு வீட்டில் தத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். முப்பது வயதுக்கு மேல் சந்தித்தார்கள், பிடித்துப்போனது, கல்யாணம் செய்துகொண்டார்கள். பிள்ளைகுட்டி இல்லை. ஒன்பது வருஷம் கழித்து ஓட்டுநரின் சிறுநீரகம் கைவிட்டது. தன்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்று மனைவி முன்வந்தாள். பரிசோதித்த டாக்டர், இவ்வளவு பொருத்தம் எப்படி என்று விசாரிக்கப்போக, கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது; விஷயம் கோர்ட் வரை வந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் வாய்ச்சாலகர். "ஐயா, என் சம்சாரம் எனக்கு அத்தை பொண்ணு. எங்க வீட்டுல அதுதான் முறை. சில ஊர்ல அதுக்கே ஜெயில்ல போட்டுடுவாங்க. அப்போ பாவம்ங்கறது பாஸ்போர்ட்டப் பொறுத்ததா? இவங்க யாரையும் ஏமாத்தல, மிரட்டல. யாருக்கு என்ன நஷ்டம்?"

நீதிபதி உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அரசு வக்கீலுக்குச் சிரிப்பு வரவில்லை. இதே சட்டப் பிரிவை வைத்துத்தான் எத்தனையோ சிறுமிகளைச் சொந்த வீட்டிலிருந்து மீட்டிருந்தாள்.

"ஐயா, இது தப்பிக்க வழியில்லாத பிள்ளைங்களுக்காகப் போட்ட சட்டம். 'ரெண்டு பேருக்கும் சம்மதம்'னு இன்னைக்கு ஒரு கதவத் திறந்தா, நாளைக்கு அதையே சொல்லிக்கிட்டு ஒரு அப்பன் வருவான். பெத்த பிள்ளை வாயாலயே சொல்ல வைப்பான்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "ஆபரேஷன் முடியற வரைக்கும் தீர்ப்பத் தள்ளி வைக்கலாமா? உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?"

"உண்டு, ஐயா."

தங்கையாகவும் சிறுநீரகம் தரலாமே, என்ன கெட்டுவிடும் என்றுதான் அவள் நினைத்தாள்.

கல்யாணம் செல்லாது, தெரியாமல் நடந்ததால் தண்டனை இல்லை, இனி ஒரே கூரையின் கீழ் இருக்கக்கூடாது என்று தீர்ப்பானது. நெருங்கிய உறவென்றால்தான் தானம் செல்லும், உடன்பிறந்தவர்கள் என்று இருவரும் கையெழுத்துப் போட்டால் ஆபரேஷன் செய்வோம் என்றது மருத்துவமனை. ஓட்டுநர் மாட்டேன் என்றுவிட்டார்.

தையல்காரி வக்கீலைத் தேடி வந்தாள். "சண்டை போட வரலைங்க. நீங்க பேசினது நியாயம்னு அவரே சொன்னாரு. நீங்க சொன்னா கேப்பாரு."

வக்கீல் போனாள். ஓட்டுநரின் கையிலிருந்து குழாய் வழியே ரத்தம் இயந்திரத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது.

"ஒரு கையெழுத்துதானே? உயிர விடவா பெருசு?"

"பாதி வழியில பஸ் போர்ட மாத்தினா, உள்ள உக்காந்திருக்கறவங்க எங்கம்மா போவாங்க?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "உங்க சட்டத்தோட எனக்குச் சண்டை இல்ல. ஆனா தங்கச்சின்னு என் கையால எழுதிட்டா, ஒம்போது வருஷம் வாழ்ந்தத நினைச்சு அவ கூசிப்போவா. அதுக்கு இது தேவல."

மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்ச் சேர்ந்தார். உடலை வாங்க வந்தவளிடம், என்ன உறவு என்று ஊழியர் கேட்டார். "ஒண்ணா இருந்தோம்," என்றாள் தையல்காரி.

அடுத்த மாதமே அதே சட்டப் பிரிவில் ஒரு தகப்பனைச் சிறைக்கு அனுப்பினாள் வக்கீல். அந்தச் சிறுமி தன் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். சட்டம் வேண்டும் என்பதில் வக்கீலுக்கு அன்றும் சந்தேகம் வரவில்லை. ஆனால் நீதிபதி கண்ணாடியைக் கழற்றிக் கேட்ட அந்த நொடி மட்டும் சாப்பாட்டிலும் தூக்கத்திலும் வந்து நின்றது. வேண்டியதெல்லாம் "இல்லை" என்ற ஒரே சொல்தான். சட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது.

ஒருநாள் மாலை தையல்கடைக்குப் போனாள். வாசலிலேயே நின்றாள்.

தையல்காரி இயந்திரத்தை நிறுத்தாமலே சொன்னாள்: "நீங்க கேட்டது நியாயந்தாங்க. கொஞ்சம் பொறுத்துக் கேட்டிருக்கலாம்."

முக்காலியில் கிடந்த துணிகளை எடுத்துக் கீழே வைத்தாள். வக்கீல் உட்கார்ந்தாள்.