அங்க அடையாளம்

காலர்க்காரியின் இடது முழங்காலில் அவளுடைய கணவனின் தழும்பு ஒரு செவ்வாய்க்கிழமை, மதியத்துக்குச் சற்று முன்னால் வந்து சேர்ந்தது. தையற்கூடத்தில் அவள் பள்ளிச் சீருடைச் சட்டைகளுக்குக் காலர் அடித்துக்கொண்டிருந்தாள். முழங்கால் அரித்தது. நூல்பிசிறு ஏதாவது உள்ளே போயிருக்கும் என்று மிஷினுக்கடியில் குனிந்து உடையை விலக்கிப் பார்த்தாள். பிறை வடிவத்தில், வெளுத்து, ஓரங்களில் தையல் போட்ட புள்ளிகளோடு அது இருந்தது. புதுக்காயம் இல்லை, சின்ன வயதில் பட்டு, ஆறி, ஒரு உடம்போடு கூடவே வளர்ந்த தழும்பு. இடைவேளையில் கணவனைப் போனில் கூப்பிட்டாள். அவன் இருந்த நாட்டில் அப்போதுதான் விடிந்திருந்தது. கால்சட்டையைச் சுருட்டிப் பார்த்துவிட்டு, "இங்க காணோமே," என்றான். "அங்க வந்திருக்கா? வலிக்குதா?" வலிக்கவில்லை என்று சொல்லிவிட்டு அவள் சாப்பிடப் போனாள்.

சட்டையின் மற்ற பாகங்கள் எதையும் தொடாமல் காலர் மட்டுமே தைத்துவந்ததால் அவளுக்கு அந்தப் பெயர். காலர் முனை இரண்டும் ஒன்றுபோல் நிற்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது என்பார்கள். மூடிய இடம் என்றால் சிறுவயதிலிருந்தே பயம். தையற்கூடம் இருந்த மாடிக்குப் படியேறியே போவாள். ஒரே ஒரு நாள் கை நிறையத் துணிக்கட்டு இருந்ததால் லிஃப்ட்டில் ஏறினாள். அன்றைக்கென்று பார்த்து அது இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோனது. அந்த லிஃப்ட்டைப் போட்ட வெளிநாட்டு நிறுவனத்தின் மெக்கானிக் ஒருவன் சில மாத வேலையாக வந்திருந்தான். அந்த வெளிநாட்டிலேயே பிறந்து வளர்ந்தவன். வீட்டுக்குள் மட்டும் பேசிப் பழகிய தமிழ். கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, ஸ்பானரைத் திருகிக்கொண்டே, அவள் அழுகை நிற்கும்வரை ஏதேதோ பேசிக்கொண்டிருந்தான். கதவு திறந்த பிறகு பார்த்த முகமும் பரவாயில்லைதான், ஆனால் சம்மதம் சொன்னது குரலுக்கு என்று பிற்பாடு அக்காவிடம் ஒப்புக்கொண்டாள். பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. இரண்டு வாரம் ஒரே அறையில் இருந்தார்கள். விடுப்பு முடிந்து அவன் கிளம்பினான். அவள் மனைவிக்கான விசாவுக்கு மனுப் போட்டாள்.

முதல் மனு தள்ளுபடியானது. கல்யாணப் படம், போன் பேச்சுக்கான சான்று, இருவர் பெயரிலும் ஒரு வங்கிக் கணக்கு, எல்லாம் இருந்தும் நேர்காணலில் அவள் சறுக்கினாள். கணவர் கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பார் என்றார்கள்; தெரியவில்லை என்றாள். காப்பிக்குச் சர்க்கரை எவ்வளவு என்றார்கள், யோசித்தாள். யோசித்ததே குற்றமாகிவிட்டது. மெய்யான திருமணம் என்று நம்புவதற்கில்லை என்று பதில் வந்தது. "ஏதாவது ஒரு பக்கத்தைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே," என்று அக்கா கத்தினாள். "ரெண்டு வாரத்துல அவர் ஒரு பக்கமா படுத்தாதானே அக்கா சொல்றதுக்கு," என்றாள் இவள். அக்காவுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. காலர்க்காரிக்கு வரவில்லை. யாரோ ஒரு அந்நியர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, உனக்கு உன் புருஷனைத் தெரியாது என்று சொன்னது அவளுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. தெரியாதுதானே என்று அந்த முள் அவ்வப்போது அசைந்தது.

விசா மனுக்களைத் தயார்செய்து கொடுக்கும் ஒருவரை அந்த வட்டாரத்தில் ஃபைல் அண்ணன் என்று அழைப்பார்கள். அவர் கேட்டுவிட்டு உச்சுக் கொட்டினார். "அவர் இப்படி, அவர் அப்படின்னு மனப்பாடம் பண்ணா அங்க போய் முழிக்கத்தான் செய்வீங்க. நீங்களே அவர்னு நெனச்சுக்கங்க. அவர் கதைய உங்க கதையா சொல்லிப் பழகுங்க. அவரும் அங்க அதே மாதிரி. சொந்தக் கதையில யாராவது தடுமாறுவாங்களா?" வேறு யாரிடமும் இந்த யோசனையை அவர் சொன்னதாகத் தெரியவில்லை, அன்றைக்கு வாயில் வந்தது, சொல்லிவிட்டார். இரண்டாவது மனுவைப் போட்டுவிட்டு இவர்கள் இருவரும் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். தினமும் வேலை முடிந்து வந்ததும் போனை அலமாரியில் சாய்த்துவைத்து அவள் ஆரம்பிப்பாள். நான் பள்ளிக்கூடத்துச் சறுக்குமரத்தில் தலைகீழாக ஏறி விழுந்தேன், முழங்காலில் தையல் போட்டார்கள், நான் அழவில்லை, எங்கப்பா அழுதார். அந்தப் பக்கம் அவன் சொல்வான்: எனக்கு அடர்ந்த முடி, எங்கம்மா சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு இழுத்து இழுத்துப் பின்னுவாங்க, எனக்குக் கண் மேலே போகும். தாடி வைத்த ஆள் இதைச் சொல்வதைக் கேட்டு அக்கா சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். மாதங்கள் போயின. தடுமாற்றம் நின்றது. பிறகுதான் தழும்பு வந்தது.

தழும்பைத் தொடர்ந்து மற்றவையும் ஒழுங்காக வந்தன. அவன் இடதுகைக்காரன்; ஒரு வாரத்தில் அவள் கத்தரிக்கோலை இடதுகையில் பிடித்தாள். தைத்த காலர்கள் எல்லாம் வலம் இடமாகத் திரும்பிவிட்டன. மேற்பார்வையாளர் ஒரு கட்டைத் தூக்கி அவள் முன்னால் போட்டு, "கண்ணாடியில இருக்கிற பசங்களுக்காம்மா இந்தச் சட்டை?" என்று கேட்டார். அவளுடைய வலது தாடையிலிருந்த மச்சம் ஒரு காலை இல்லாமல் போய், அன்று மாலை போன் திரையில் அவன் தாடிக்குள்ளே தெரிந்தது. அவன் சட்டைகளை மடிக்கும்போது காலரை விரலால் நீவி நிறுத்த ஆரம்பித்தான். இதுவரைக்கும் இருவருக்கும் ஒரு விளையாட்டுபோலத்தான் இருந்தது. ஒரு நாள் அவள் தன்னை அறியாமல் தையற்கூடத்துக்கு லிஃப்ட்டில் ஏறிப் போனாள். கதவு மூடியது, ஒன்றும் ஆகவில்லை. மோட்டார் சத்தத்தைக் கேட்டே கயிற்றுக்கு எண்ணெய் போட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. அதே வாரம், கடல் தாண்டி, ஒரு மருத்துவமனைக் கட்டடத்தில், லிஃப்ட் மெக்கானிக்கான அவளுடைய கணவன் லிஃப்ட்டுக்குள் ஒரு காலை வைத்து, வியர்த்து, வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அதன் பிறகு அவன் கூரைமேல் மோட்டார் அறையில் இருந்துகொண்டு உள்ளே போகும் வேலையைக் கூட்டாளி தலையில் கட்டினான். எத்தனை நாளைக்கு ஓடும்? நிறுவனத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. கணவனுக்கு நிலையான வேலை இல்லையென்றால் மனைவிக்கு விசா இல்லை என்பது விதி. ஃபைல் அண்ணன் தலையில் கை வைத்தார். "நான் சொல்லத்தானே சொன்னேன், உடம்போடயா வாங்கிக்கச் சொன்னேன்?" இரண்டாம் நேர்காணலுக்கு நாள் குறித்துவிட்டார்கள். அவன் வேலை அதுவரை தாங்க வேண்டும். அவள் அவனிடம் போய்ச் சேர வேண்டும். மூன்றாவது தடவை என்று ஒன்று கிடையாது என்று ஃபைல் அண்ணன் சொல்லியிருந்தார்.

அந்த நாட்களில் காலர்க்காரியால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மிஷினை விட்டு எழுந்து ஜன்னலுக்குப் போவாள், திரும்பி வருவாள், எதற்குப் போனோம் என்று நிற்பாள். வீட்டில் பொருள் தொலைந்தால் தேடலாம். தன்னிடம் என்ன குறைகிறது என்று தெரியாமல் எதைத் தேடுவது? ஒரு மாலை தலை சீவும்போது அது தெரிந்தது. செத்துப்போன அம்மாவின் முகத்தை நினைக்கப் பார்த்தாள், வரவில்லை. குரலை நினைத்தாள், அதுவும் இல்லை. சுவரில் மாட்டியிருந்த படத்தில் ஒரு பெண் இருந்தாள், அக்கா ஜாடையில். மனதில் அந்த இடத்தில் வேறொரு அம்மா வந்து உட்கார்ந்திருந்தாள். சோப்பு வாசனையும் ஈரக்கையுமாக, அன்பானவள்தான், ஆனால் அவள் அவனுடைய அம்மா. காலர்க்காரி போனை எடுத்தாள்.

"எங்கம்மாவைத் திருப்பிக் குடுங்க."

"நான் எடுக்கலையே. நீதானே சொன்ன."

"சொன்னா வச்சுக்குவீங்களா? உங்களுக்கு ஏற்கெனவே ஒண்ணு இருக்காங்க இல்ல?"

"அவங்க இப்ப என்கிட்ட இல்லையே," என்றான். அவன் குரல் உடைந்தது. அவளுக்குள் ஒரு பாதி இரங்கியது. இன்னொரு பாதி, அந்த மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, யாருடைய மனைவியாகவும் இல்லாமல், தன் அம்மாவின் மகளாக மட்டும் இருந்துவிடலாமா என்று கணக்குப் போட்டது. இரண்டு பாதியில் எது தன்னுடையது, எது அவனிடமிருந்து வந்தது என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பேச்சை நிறுத்தினால் எல்லாம் திரும்பி வந்துவிடுமோ என்று கொஞ்ச காலம் இருவரும் பேசாமல் இருந்து பார்த்தார்கள். எதுவும் வரவில்லை. குரலும் இல்லாமல் போனதுதான் மிச்சம்.

அடுத்தது மருத்துவப் பரிசோதனை. அவளுடைய பாஸ்போர்ட்டில் அங்க அடையாளம் என்ற இடத்தில் வலது தாடையில் ஒரு மச்சம் என்று இருந்தது. அக்கா கண்மைப் பென்சிலால் ஒன்று வைத்துவிட்டாள். மருத்துவர் பஞ்சை நனைத்து ஒரே துடைப்பில் எடுத்துவிட்டு, பஞ்சையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். மச்சம் இல்லை, இடது முழங்காலில் பதிவாகாத பழைய தழும்பு உண்டு என்று எழுதி உறையை ஒட்டினார். "அதை மட்டும் நல்லா அழுத்தி வச்சிருக்கலாம்," என்று வழியெல்லாம் அக்கா புலம்பினாள். "வச்சா மட்டும் அது என்னோடதா ஆயிடுமா?" என்றாள் காலர்க்காரி.

நேர்காணல் செய்தது ஜலதோஷம் பிடித்த ஒரு பெண் அதிகாரி. கணவனைத் திரையில் வரவழைத்து, சத்தத்தை அணைத்து, திரையைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார். கேட்ட கேள்விக்கெல்லாம் காலர்க்காரி கேள்வி முடிவதற்குள் பதில் சொன்னாள். கட்டிலில் எந்தப் பக்கம், எந்த வயதில் அம்மை, அப்பா எதற்கு அழுதார், எல்லாம். அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "இவ்வளவு சரியா சொல்றவங்களத்தான் நாங்க நம்பறதில்ல. யார் சொல்லிக் குடுத்தது?" என்று தும்மினார். பிறகு, மனப்பாடத்தைக் கலைக்க வேண்டுமென்றே, "அவரை விடுங்க. உங்களப் பத்திச் சொல்லுங்க. உங்க அம்மா எப்படிப்பட்டவங்க?" என்று கேட்டார்.

காலர்க்காரி வாயைத் திறந்தாள். சோப்பு வாசனைதான் வந்தது. அதைச் சொல்லியிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? அக்கா சொல்லிக்கொடுத்த பதில்கூட ஒன்று தயாராக இருந்தது. ஆனால் அந்த ஒரு கேள்விக்குப் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "எனக்குத் தெரியாதுங்க," என்றாள். "அது அவர்கிட்ட இருக்கு. அவரைத்தான் கேக்கணும்."

அதிகாரி திரையின் சத்தத்தைத் திறந்து அதே கேள்வியை அவனிடம் கேட்டார். அவன் எதுவும் ஒத்திகை பார்த்ததுபோல் சொல்லவில்லை. அம்மா சீப்பைக் கடித்துக்கொண்டு பின்னியது, கோபம் வந்தால் வீட்டைப் பெருக்க ஆரம்பித்துவிடுவது, மருத்துவமனையில் கடைசியாக இந்தப் பெண்ணின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுக் கையை எடுக்காமலே இருந்தது. அந்தக் கடைசி விஷயத்தை அவள் அவனிடம் எப்போதும் சொன்னதில்லை. சொல்ல முடியாமல் ஒவ்வொரு தடவையும் தாண்டிப் போனது. அது தானாகவே போயிருந்தது. அவள் யாரோ ஒருவருடைய கதையைக் கேட்பதுபோல் கேட்டாள், கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் அவளைக் கேட்காமல் வழிந்தது. அதிகாரி அவனைத் தாடையைக் காமிராவுக்குக் கிட்டே கொண்டுவரச் சொன்னார், ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார். மச்சம் அசையவில்லை. முழங்காலைக் காட்டச் சொன்னார், வழவழப்பாக இருந்தது. காலர்க்காரியின் முழங்காலையும் பார்த்தார். "மச்சத்தைக்கூடக் குடுக்கலாம்," என்று மூக்கைத் துடைத்துக்கொண்டே முணுமுணுத்தார், "அம்மாவை யாரு குடுப்பா?" பக்கத்து அறையிலிருந்து மேலதிகாரி ஒருவர் வந்தார். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதில்தான் இருவருக்கும் சிறிது கருத்து வேறுபாடு இருந்தது. கடைசியில் அங்க அடையாளம் என்ற கட்டத்திலேயே எழுதினார்கள்: வலது தாடையில் ஒரு மச்சம், தற்போது கணவரிடம் உள்ளது. முத்திரை விழுந்தது.

அவள் போய்ச் சேர்ந்த பிறகும் எதுவும் இடம் மாறித் திரும்பி வரவில்லை. அவர்களும் கேட்பதை விட்டுவிட்டார்கள். நிறுவனம் அவளைப் பயிற்சி மெக்கானிக்காக எடுத்துக்கொண்டது, அவனைப் பணிமனை மேஜைக்கு மாற்றியது. இடதுகையில் ஸ்பானரைப் பிடித்து அவள் லிஃப்ட் குழிக்குள் இறங்குவாள். அவன் வீட்டுக்குச் சீக்கிரம் வந்து துணி மடிப்பான். சில நாள் அவளுக்குள் பழைய தவிப்பு எழும். சும்மா வீட்டைச் சுற்றிச் சுற்றி நடப்பாள், அவன் ஒன்றும் கேட்காமல் நாற்காலியை வழியிலிருந்து நகர்த்தி வைப்பான். கல்யாணமான நாளிலிருந்து அவளை அவன் ஒரு தடவைகூட டி போட்டுக் கூப்பிட்டதில்லை. அந்தச் சொல் அவன் வளர்ந்த வீட்டிலேயே கிடையாது. மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை, கடைசி வேலை இழுத்துக்கொண்டு போய், அவள் நனைந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, உள்ளே துடைப்பச் சத்தம் சட்டென்று நின்றது. "எங்கடி போய்த் தொலைஞ்ச இவ்வளவு நேரம்? தலையப் பாரு, சொட்டச் சொட்ட," என்று ஒரு குரல் அதட்டியது. "வந்துட்டேன்மா," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய், அவன் முன்னால் தரையில் உட்கார்ந்து, துவட்டத் தலையைக் குனிந்து கொடுத்தாள்.