காற்று விழுந்த அரைமணி நேரம்

எதையும் அளந்து பார்க்காவிட்டால் குலசிங்கத்தாருக்குச் சோறு இறங்காது. திருகோணமலை வானிலை நிலையத்தில் இருபத்தாறு வருடமாக மழையையும் காற்றையும் அமுக்கத்தையும் அளந்த மனிதர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும், மழை தூறினால் முற்றத்தில் ஒரு தகரப் பேணியை வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. தம்பி தவராசா சாம்பல்தீவில் கடற்றொழில் செய்பவன். மீனோடு வரும்போதெல்லாம், "காத்து எத்தனை கிலோ எண்டு சொல்லுங்கோ அண்ணை, நான் நிறுத்துத் தாறன்" என்று பகிடி விடுவான். பகிடிதான். அண்ணர் வேண்டாம் என்று சொன்ன நாளில் அவன் வள்ளத்தில் கால் வைத்ததில்லை.

இரண்டாயிரமாம் ஆண்டு மார்கழியில் புயல் வந்தது. முன்னைய காலம் என்றால் நடுக்கடலில் புயல் கிடப்பதை ஏதாவது கப்பல் கண்டு சொன்னால்தான் உண்டு. எழுபத்தெட்டில் மட்டக்களப்பைப் புயல் துவைத்தபோது குலசிங்கத்தாரின் கையில் இருந்தது ஓர் அமுக்கமானியும் நிறைய வயிற்றெரிச்சலுந்தான். இப்போது நிலைமை வேறு. வானத்திலிருந்து எடுத்த படம் பக்ஸ் இயந்திரத்தில் வருகிறது. கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, புயல் நாளைக்கு எங்கே நிற்கும் என்று புள்ளி வைத்துத் தருகிறது. அவர் அந்தப் புள்ளிகளை வரைபடத்தில் பென்சிலால் இணைத்தார். கோடு குச்சவெளிக்கு வடக்கே கரையேறியது. சாம்பல்தீவு கோட்டுக்குத் தெற்கே, முப்பது கிலோமீற்றர் தள்ளி, பத்திரமாகக் கிடந்தது. அந்த முப்பது கிலோமீற்றரைப் பார்த்து அவர் மூச்சு விட்டார்.

எச்சரிக்கையை றேடியோவில் முதல்நாள் பின்னேரமே சொல்லிவிட்டார்கள். தவராசா தொழிலுக்கென்று போகவில்லை. ஆனால் போட்ட வலை கடலில் கிடந்தது. விடிய ஐந்து மணிக்குப் போய் அதை மட்டும் இழுத்துக்கொண்டு ஒன்பது மணிக்குக் கரைக்கு வந்துவிட்டான்.

அந்த நாளில் கடலுக்குப் போகிறவன் கரையிலுள்ள நேவிக் காவலரணில், சென்றியில், அடையாள அட்டையைக் கொடுத்து, இலக்கம் அடித்த தகரத் துண்டு ஒன்றை வாங்கிக்கொண்டு போகவேண்டும். வந்த உடனே அட்டை கிடைக்காது. மத்தியானம் நேவிப் பெரியவர் வந்து, வள்ளங்களை எண்ணிப் பார்த்து, எல்லோருக்கும் ஒன்றாகத்தான் கொடுப்பார். அதுதான் ஒழுங்கு. அன்றைக்குப் பெரியவர் வரவில்லை. பதினொரு மணிக்கே வடக்கிலிருந்து காற்று விசிறத் தொடங்கிவிட்டது.

தவராசா மீனவர் சங்கத்துப் போனிலிருந்து அண்ணரைக் கூப்பிட்டான். ஐசி அட்டை இன்னும் கைக்கு வரவில்லை என்றான். அட்டையை விட்டுத் தள்ளு, மனிசியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போ என்று குலசிங்கத்தார் அதட்டினார். அவனுக்கு அட்டையை விட மனம் வரவில்லை. போன வருடம் அட்டை இல்லாமல் ஆமியின் சுற்றிவளைப்பில் அகப்பட்டு, பதினேழு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தவன். முதுகில் அந்தத் தழும்பு இன்னும் மறையவில்லை.

"சரி, போறன்," என்றான் கடைசியில். "எப்ப அண்ணை முடியும்?"

இந்த இடத்தில் குலசிங்கத்தாருக்கு ஒரு படித்த பதில் இருந்தது. கோடு என்பது கோடல்ல. ஒரு நாள் முன்கணிப்பு நூறு, நூற்றைம்பது கிலோமீற்றர் பிசகுவது வழமை. புயலின் நடுவிலே காற்று அடங்கிக் கிடக்கும் கண் எங்கே வரும் என்று அடித்துச் சொல்ல ஏலாது. றேடியோவுக்கு எழுதியிருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பார். ஆனால் கேட்டது தம்பி. குரலில் பயம் இருந்தது. பயந்தவனுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று அவருக்குப் பட்டது.

"நடுப்பகுதி உங்களுக்கு வராது. குச்சவெளிப் பக்கம் போகுது. காத்து விழுந்தா முடிஞ்சுது எண்டு நினை."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு லைன் அறுந்துவிட்டது.

அவருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. கடல் அந்த மார்கழி வழமையைவிடச் சூடாகக் கிடந்தது. அந்தச் சூட்டைக் குடித்துப் புயல் ஓர் இரவுக்குள் கொழுத்து, கோட்டிலிருந்து விலகித் தெற்கே இறங்கிக்கொண்டிருந்தது. பின்னேரம் நான்கு மணிக்கு நிலையத்து அமுக்கமானியின் ஊசி பொத்தென்று கீழே போனது. குலசிங்கத்தார் போனை எடுத்தார். போனில் ஒரு சத்தமும் இல்லை. வெளியே ஓடி வந்து சைக்கிளைப் பிடித்தார், காற்று சைக்கிளோடு அவரையும் மதிலில் கொண்டுபோய் மோதியது. கண் சாம்பல்தீவுக்கு மேலே வருகிறது என்று அந்த மாவட்டத்தில் தெரிந்த ஒரே மனிதர், மதிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நாலரை மணிக்குச் சாம்பல்தீவில் காற்று விழுந்தது. கொஞ்சங் கொஞ்சமாக அல்ல, ஒரேயடியாக விழுந்தது. வானத்தில் வெளிச்சங்கூட வந்ததாம். பள்ளிக்கூடத்தில் இருந்த சனம் வெளியே வந்து கும்பிட்டது. தவராசா வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தான். சென்றி பிரிந்து கிடக்கும், அட்டைகள் கடலுக்குள் போகமுந்திப் பொறுக்கிக்கொண்டு வாறன் என்றான். மனைவி குணேஸ்வரி சட்டையைப் பிடித்து இழுத்தாள். இருட்டினால் அட்டையில்லாமல் எங்கே போவது என்று அவன் கையை விடுவித்துக்கொண்டு ஓடினான்.

அரைமணி நேரம். கண் கடந்துபோக எடுத்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு காற்று மற்றப் பக்கத்தால், தெற்கிலிருந்து வந்தது. முன்னையதைவிட மோசமாக வந்தது. அடுத்தநாள் விடிய, சென்றியின் பனங்குற்றிகளுக்குக் கீழே அவனை எடுத்தார்கள்.

நாலாம் நாள் ஒரு நேவிக்காரன் வந்து, வாசல் படலையில் நின்றபடி அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனான். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. புயலுக்குப் பயந்து மத்தியானமே சென்றியைப் பூட்டிக்கொண்டு போனவர்கள், அட்டைப் பெட்டியையும் கையோடு முகாமுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். தவராசா தேடிப்போன இடத்தில் அட்டை இருக்கவேயில்லை.

குணேஸ்வரி அழவில்லை. ஏசினாள். வந்த சனத்துக்கெல்லாம் புருஷனை ஏசினாள். "அந்தா இருக்கிற அத்தான் அட்டையை விடச்சொல்லிப் படிச்சுப் படிச்சுச் சொன்னவர், இந்த மனிசன் கேக்கேல்லை. ஒருநாளும் ஒருத்தற்ற சொல்லும் கேக்காத சீவன்." குலசிங்கத்தார் மூலையில் கதிரையில் இருந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை. எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கும் திறக்கவில்லை. செத்தவன் மேல் பழி கிடந்தால் செத்தவனுக்கு என்ன நட்டம் என்று மனம் ஒரு கணக்குச் சொன்னது. கேவலமான கணக்கு அது, அவருக்கும் தெரியும்.

இரவெல்லாம் வெளிநாட்டு அறிக்கைகளை எடுத்து வைத்துக்கொண்டு படித்தார். கடல் சூடாக ஆக இப்படிக் கொழுக்கும் புயல்கள் கூடும் என்று எழுதியிருந்தது. கணிப்பும் திருந்திக்கொண்டு வருகிறது, வருங்காலத்தில் பிசகு பாதியாகக் குறையலாம், ஒற்றைக் கோட்டுக்குப் பதிலாகப் புயல் வரக்கூடிய இடம் முழுவதையும் அகலமாக வரைந்து சனத்துக்குக் காட்டவேண்டும் என்றும் எழுதியிருந்தது. நல்ல விஷயம். அந்த அகலத்தைத் தவராசாவுக்குச் சொல்லக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை. அண்ணர் வாயைத் திறந்து, எனக்குத் தெரியாது தம்பி என்று சொல்லியிருந்தால் போதும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று சனமெல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு, குணேஸ்வரி குசினியில் இலைகளை ஒதுக்கியபடி மறுபடியும் தொடங்கினாள். சொல்லுக் கேளாத மனிசன் என்றாள். குலசிங்கத்தார் குசினி வாசலில் போய் நின்றார்.

"பிள்ளை, அவனை ஏசாதை. காத்து விழுந்தா முடிஞ்சுது எண்டு போனிலை நான்தான் சொன்னனான். நடுப்பகுதி உங்களுக்கு வராது எண்டும் சொன்னனான். வராது எண்டு எனக்கு நிச்சயமாத் தெரியாது. தெரிஞ்ச மாதிரிச் சொல்லிப்போட்டன்."

அவள் கையில் இருந்த இலை அப்படியே நின்றது. வெளியே போ என்பாள், மண் அள்ளித் தூற்றுவாள் என்று அவர் காத்து நின்றார். அதற்கென்றே வந்து நின்றார்.

"அப்ப," என்றாள் அவள், மிகவும் மெதுவாக, "நீங்கள் சொன்னதைக் கேட்டுத்தான் போனவரோ?"

"ஓம் பிள்ளை."

குணேஸ்வரி இலையைக் கீழே வைத்தாள். அலுமாரிக்குப் போய் அந்த அடையாள அட்டையை எடுத்தாள். முப்பத்தொரு நாளும் ஏசிய அந்தப் படத்து முகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நிலத்தில் அமர்ந்து, முதல்முறையாக அவனுக்காக அழத் தொடங்கினாள்.