மூக்கில் பஞ்சு

இன்றைக்கு ஒருநாள் மணி அடிக்க மறந்துவிட்டால் என்ன? பிள்ளைகள் வேப்பமரத்தடியிலேயே விளையாடிக்கொண்டிருப்பார்கள். நான் இந்த ஆசிரியர் அறை வாசலிலேயே நிற்பேன். யாரும் யாரையும் ஒன்றும் செய்யாமல் சாயங்காலம் ஆகிவிடும்.

மணி அடித்தது.

பகவதி சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நாகர்கோவிலிலிருந்து, திருச்சி ஜில்லாவில் வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த நடுநிலைப் பள்ளிக்கு வேலைக்கு வந்து மூன்று மாதமாகிறது. ஆறாம் வகுப்பு அவள் கைக்கு அடங்கவே இல்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் சந்தை கூடிவிடும். கெஞ்சினால், அந்தக் கெஞ்சலையே செல்லதுரை என்ற பையன் அவள் ஊர் இழுவையோடு திருப்பிச் சொல்வான். தலைமை ஆசிரியர் இராமலிங்கம் அடுத்த மாதம் அவளைப் பற்றி மேலே எழுதி அனுப்ப வேண்டும். வகுப்பை அடக்கத் தெரியவில்லை என்று அவர் எழுதிவிட்டால் வேலை நிரந்தரமாகாது. அப்புறம் அண்ணன் வீட்டு அடுக்களை, மைனியின் பெருமூச்சு.

நேற்று அவள் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, செங்கமலம் என்ற சிறுமி குறுக்கே குறுக்கே பூனை மாதிரிக் கத்தினாள்.

"சும்மா கெட, சவமே!"

பகவதியின் ஊரில் அது ஒரு வசவே அல்ல. பால் பொங்கி வழிந்தால் சவம், பஸ்ஸைத் தவறவிட்டால் சவம். அம்மா அவளைச் சாப்பிடக் கூப்பிடுவதே அப்படித்தான். இங்கே சவம் என்றால் பிணம் மட்டும்தான். வகுப்பு முதல்முறையாக வாயடைத்துப் போனது. அந்த அமைதியில் அவளுக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை நினைத்து நினைத்துத்தான் இன்னும் கூசிக்கொண்டிருந்தாள்.

இன்றும் வகுப்பறையில் சத்தமே இல்லை. உள்ளே போனாள்.

எல்லோரும் தரையில் மல்லாந்து கிடந்தார்கள். கண்கள் மூடியிருந்தன. வரும் வழியில் பருத்திக் கொல்லையில் பறித்த பஞ்சு ஒவ்வொரு மூக்கிலும் அடைத்திருந்தது. நடுவில் செங்கமலம், கால் கட்டைவிரல்கள் இரண்டையும் ரிப்பனால் சேர்த்துக் கட்டிக்கொண்டு. செல்லதுரை மட்டும் உட்கார்ந்து, கையைக் குவித்துச் சங்கு ஊதினான்.

"எந்திரிங்க," என்றாள். "எந்திரிங்கப்பா."

"சவம் எப்புடி டீச்சர் எந்திரிக்கும்?" என்றது ஒரு பிணம். கிடந்த வயிறெல்லாம் குலுங்கின.

அந்த நேரத்தில் வாசலில் இராமலிங்கம் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் செங்கமலத்தின் அம்மா மருதாயி, பருத்தி எடுக்க மடி கட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பியவள். நேற்றைய சொல்லைக் கேட்டுவிட்டு நியாயம் கேட்க வந்திருந்தாள். மகள் கிடந்த கிடையைப் பார்த்ததும் ஓடிவந்து மூக்குப் பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள். ரிப்பன் முடிச்சு அவிழவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள்.

"டீச்சர் சொன்னா நீ படுத்துருவியாடி? போன மாசி பூரா பாயில கெடந்தியே, ஒன்னயத் தூக்கிக்கிட்டு டவுன் ஆஸ்பத்திரிக்கும் வூட்டுக்குமா நான் அலைஞ்சது பத்தாதா?"

பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"எங்க ஊர்ல அத சும்மா சொல்லுவோம்," என்றாள் பகவதி.

"சொல்லுவீங்க. இது எங்க ஊருங்க, டீச்சர்." மருதாயி குரலை இறக்கினாள். "நான் சண்டைக்கு வரலீங்க. அடிங்க. கண்ணு ரெண்டயும் விட்டுட்டு எங்க வேணாலும் அடிங்க, யாரு கேக்கப் போறா? தழும்புக்கு எண்ணெயத் தடவிவுடுவேன். அந்த வார்த்தைக்கு நான் எதத் தடவுறது?"

"கேட்டீங்களா? பெத்தவளே சொல்றா." இராமலிங்கம் கக்கத்திலிருந்த புளியம் விளாறை நீட்டினார். "மூணு மாசமா நானும் அதத்தானம்மா சொல்றேன். ஒங்க க்ளாஸ் சத்தம் ரோட்டுல பஸ்ஸுக்கு நிக்கிறவனுக்குக் கேக்குது. இன்னைக்கு இவளுக்கு நாலு போடுங்க, நாளையிலேருந்து இது ஒங்க க்ளாஸ். இல்லன்னா நான் எழுதறத எழுதிடுவேன். அப்பறம் என்னயக் குத்தம் சொல்லாதீங்க."

செங்கமலம் தானாகவே கையை நீட்டினாள். பழகிய கை.

"அடிச்சிடுங்க டீச்சர்," என்றாள் மெதுவாக. "அம்மா வேலைக்குப் போவணும்."

விளாறு பகவதியின் கையில் இருந்தது. எப்போது வாங்கினாள் என்று தெரியவில்லை. தனக்குள் இரக்கம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். இல்லை. ஆசைதான் இருந்தது. நேற்றைய அந்த ஒரு கணச் சந்தோஷம் முழங்கை வழியாக இறங்கி, விரல் நுனியில் வந்து காத்துக்கொண்டிருந்தது. நாலோடு அது அடங்காது. பூனைக் கத்தலுக்கு, செல்லதுரையின் இழுவைக்கு, மைனியின் பெருமூச்சுக்கு, எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்தச் சின்ன உள்ளங்கையில்தான் அது இறங்கும்.

விளாறை மேசைமேல் வைத்தாள்.

"எடுங்க டீச்சர்," என்றார் இராமலிங்கம்.

கடைசி பெஞ்சிலிருந்து பூனை ஒன்று மெல்லக் கத்தியது. யாரோ சிரிப்பை அடக்கினார்கள். நாளைக்கும் இப்படித்தான் இருக்கும். நாளை என்று ஒன்று அவளுக்கு இங்கே இருந்தால். செங்கமலத்தின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"இல்ல சார்," என்றாள் பகவதி. அவள் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. "நான் எடுக்க மாட்டேன்."