இரவல் கோடாலி

இரும்பை நீந்த வைத்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்: ஒருவர் வேதாகமத்தில் வரும் எலிசா தீர்க்கதரிசி, இன்னொருவர் தாம் என்று ஓய்வுபெற்ற ஃபிட்டர் நாற்பது வருஷமாகச் சொல்லிவந்தார். எலிசா மிதக்க வைத்தது கோடாலித் தலையை மட்டும். இவர் காம்போடு முழுக் கோடாலியை. சொல்லச் சொல்ல, அது நடந்த, கப்பல் பழுது பார்க்கும் டாக்கின் ஆழமும் கூடிக்கொண்டே போனது. முதலில் முப்பதடி. இப்போதோ கடலே அதற்குள் அடங்கிவிடும்.

நம்பாதவர் ஒரே ஒருவர்தான். அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். அதே டாக்கில் தச்சர். கோடாலிக்குச் சொந்தக்காரரும் அவரே.

"மரக்கட்டை மிதந்துச்சு மாப்ள. கோடாலி அது மேல சவாரி வந்துச்சு. அவ்வளவுதான்" என்பார்.

அன்று சனிக்கிழமை. மறுநாள் ஆராதனையில், வேதத்தில் வரும் இரும்பைப் பற்றிச் சாட்சி சொல்லும்படி போதகர் ஃபிட்டரைக் கேட்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் மனைவி பக்கம் பக்கமாகத் தேடி வாசிக்க, அவர் குறிப்பெடுத்தார். ராட்சச ராஜாவின் ஒன்பது முழ இரும்புக் கட்டில். இரும்பு ரதங்கள். இரும்பு நுகம். எதிரே மச்சான் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார்.

"எங்க பார்த்தாலும் இரும்பு அடிக்குது, நொறுக்குது, கழுத்துல ஏறி உக்காருது" என்றார் ஃபிட்டர். "ஒரே இடத்துலதான் பூ மாதிரி மேல வருது. அதுவும் எவனோ ஒரு ஏழை இரவல் வாங்கித் தொலைச்சான்னு."

நாற்பது வருஷம் முன்பு அவரும் இரவல்தான் வாங்கியிருந்தார். தச்சருடைய இறந்துபோன அப்பாவின் கோடாலி. கப்பல் கிளம்பும் நாள். நீர் வற்றிய டாக்கில் அதைத் தாங்கி நின்ற கட்டைகளுக்கு அடியில் ஓர் ஆப்பு தளர்ந்திருந்தது. சுத்தியல் கிடைக்காத அவசரத்தில் கோடாலியால் ஓங்கி அடித்தார், அதுவும் திருப்பிப் பிடிக்காமல். ஆப்பில் அலகு இறங்கிச் சிக்கிக்கொண்டது. ஆப்படிக்கப் போய்த் தனக்கே ஆப்பு வைத்துக்கொண்டவர் இவராகத்தான் இருக்கும். சங்கு ஊதியது, மதகு திறந்தது, உயிர் தப்ப ஏணியில் ஓடினார்.

மேலே தச்சர் நின்றிருந்தார். "அப்பாவோட கோடாலி வரலைன்னா என் தங்கச்சியும் உங்க வீட்டுக்கு வர மாட்டா."

தண்ணீர் ஏறியது. ஃபிட்டருக்கு ஜெபமே வரவில்லை. "ஆண்டவரே, இரவல்" என்ற இரண்டு வார்த்தைதான் வந்தது. அத்தனை பெரிய கப்பல் ஒரு பெருமூச்சோடு கட்டைகளை விட்டு எழும்பியது. கொஞ்சம் நுரை. பிறகு, தூக்கிய கை போல ஒரு காம்பு நீரைப் பிளந்து எழுந்தது. பின்னால் அலகு, சிக்கிய ஆப்போடு, வெயிலில் மின்னிக்கொண்டு. இருநூறு தொழிலாளிகள் வேலையை நிறுத்தி எட்டிப் பார்த்தார்கள். கிரேன்கூட அரை நிமிஷம் அசையவில்லை.

ஃபிட்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மச்சான், வெளியில எத்தனை அடி வேணாலும் கூட்டிச் சொல்வேன். பீடத்துல நின்னு கூட்ட மாட்டேன். ஆப்புக் கட்டைதான் மிதந்துச்சுன்னா இப்பவே சொல்லிடுங்க. ராட்சசன் கட்டிலைப் பத்திப் பேசிட்டு இறங்கிடறேன்."

மனைவி வாசிப்பதை நிறுத்தினாள். நாற்பது வருஷத்தில் அவர் தன் கதையில் ஓரடிகூடக் குறைத்ததில்லை.

மச்சான் கோப்பையை வைத்தார். "அந்த ஆப்பைச் செஞ்சது யாரு?"

"நீங்கதான்."

"என்ன மரம்?"

"எனக்கென்ன தெரியும்? நான் இரும்பு ஆளு."

"தண்ணில போட்டா கல்லு மாதிரி முழுகுற மரம் மாப்ள. கப்பல் பாரம் தாங்கணும்னு அதைத்தான் போடுவோம். மறுநாள் யாருக்கும் தெரியாம அதே ஆப்பைத் தண்ணித் தொட்டியில போட்டுப் பார்த்தேன். வெறும் ஆப்பை. மூணு தடவை."

"என்னாச்சு?"

"மூணு தடவையும் அடிக்குப் போயிடுச்சு."



"அப்புறம் ஏன்ணா இவ்வளவு நாளா...?" என்றாள் தங்கை.

"சொல்லியிருந்தா இவரைக் கையில பிடிக்க முடிஞ்சிருக்குமா?" பேனாவை எடுத்து மாப்பிள்ளையின் விரல்களுக்கிடையே வைத்தார். "எழுதுங்க. கட்டை இல்ல. இரும்புதான் மிதந்துச்சு. நான் பார்த்தேன்."