பதின்மூன்றாவது மொட்டை

என் கோபத்தைப் பற்றி ஆர்.கே.பேட்டையில் நாலு விதமாகப் பேசுவார்கள். பேசட்டும். அந்தக் கோபம் மட்டும் இல்லையென்றால் என் வீட்டுக்காரர் இன்றைக்கும் திருத்தணி அடிவாரத்தில் ஜேப்படிக்காரனாக நின்றுகொண்டிருப்பார்.

எழுபத்து நாலாம் வருஷம் அது. ஆடிக் கிருத்திகைக்கு நாலே நாள் இருந்தது. காவடிக்கு மயில் தோகையும் மஞ்சள் துணியும் வாங்கத் திருத்தணிக்குப் போயிருந்தேன். மலைப்படி தொடங்கும் இடத்தில் திருவிழாவுக்காகப் போலீஸ் பந்தல் போட்டு, வாசலில் பெரிய பலகை ஒன்றை நட்டிருந்தார்கள். ‘ஜேப்படித் திருடர்கள் ஜாக்கிரதை. இவர்கள் கோர்ட்டில் தண்டனை பெற்றவர்கள்’ என்று சிவப்பு எழுத்து. கீழே ஒன்பது போட்டோ. ஜனங்கள் நின்று பார்த்துவிட்டு மடியைத் தடவிக்கொண்டே போனார்கள். நானும் பார்த்தேன். இரண்டாவது வரிசையில் கடைசி ஆள் என் வீட்டுக்காரர் வீரபத்திரன்.

மொட்டைத் தலை, சந்தனப் பூச்சு, போட்டோ எடுக்கிறார்களே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த அசட்டுப் பார்வை. அவரேதான். கீழே ‘பிளேடு சின்னசாமி’ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருத்தி, மூஞ்சியில் பால் வடிகிறது, இந்த மாதிரி ஆளைத்தான் நம்பவே கூடாது என்று அவரைக் காட்டியே சொன்னாள். அவளை இரண்டு அறை விட்டிருப்பேன், கை நிறைய மயில் தோகை இருந்தது.

என் வீட்டுக்காரர் தறிக்குழியில் உட்கார்ந்துவிட்டால் சோற்றுக்குக் கூப்பிட்டால்கூட எழுந்து வராத மனுஷன். அடுத்தவன் கடையில் வெற்றிலைக் காம்பைக்கூடத் தொடமாட்டார். அவர் ஜேப்படிக்காரராம்!

நேராகப் பந்தலுக்குள் போனேன். திருவிழா வேலைக்காக வெளியூரிலிருந்து வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் சோடா குடித்துக்கொண்டிருந்தார். அது என் புருஷன் படம், எடுங்கள் என்றேன். அவர் நிதானமாக ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். சின்னசாமி, போன ஆடியில் மலையில் பிடிபட்டவன், குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று மாதம் உள்ளே இருந்தவன், பட்டியலில் தப்பே இல்லை என்றார். பெயர் சின்னசாமியாக இருக்கட்டும், முகம் வீரபத்திரனுடையது என்றேன். திருடனுக்கு நாலு பெயர் இருக்கும், பெண்டாட்டிக்கு அதில் ஒன்றுதான் தெரியும் என்றார். போன ஆடியிலிருந்து அவர் என் கண் முன்னால் தறியில் இருக்கிறார், ஊரையே கேளுங்கள் என்றேன். ஊர்க்காரன் ஊர்க்காரனைத்தான் காப்பாற்றுவான் என்று சோடாவைக் கீழே வைத்தார்.

“உங்க நன்மைக்குச் சொல்றேம்மா. இந்த நாலு நாள் அவரை மொட்டை போடாம இருக்கச் சொல்லுங்க. முடியோட இருந்தா யாருக்கும் அடையாளம் தெரியாது. மொட்டையோட மலையில பார்த்தேன்னா உள்ள வெச்சிடுவேன்.”

“என் சாமிக்கு என் புருஷன் முடி குடுக்கறதுக்கு உங்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?” என்றேன். மரியாதை எல்லாம் பறந்துவிட்டது.

எங்களுக்கு ஏழு வருஷம் குழந்தை இல்லை. குழந்தை பிறந்தால் மூன்று ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து முடி கொடுப்பதாக அவர் வேண்டிக்கொண்டிருந்தார். எங்கள் மகள் அம்மு பிறந்தபின் இரண்டு ஆயிற்று. இதுதான் மூன்றாவது, கடைசி.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவர் தறியை விட்டு எழுந்தார். சத்தம் போடுவார் என்று பார்த்தேன். அவர் கையைத் தலையில் வைத்து முடியைத் தடவினார்.

“இந்த வருசம் வேணாம் வள்ளி. காவடிய நீ எடுத்துகினு போ. நான் வூட்லயே கீறேன்.”

“இன்னா பாவா நீ! தப்பு பண்ணவன் மாதிரி ஒளிஞ்சிகினு இருப்பியா?”

“அம்மு வளர்ந்து அந்தப் பலகையப் பார்த்தா?” என்றார். கோபத்தில் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன்.

உருட்டிக்கொண்டே யோசித்தேன். இவர் படம் போலீஸ் கைக்கு எப்படிப் போயிற்று? இவர் ஆயுசில் தனியாகப் போட்டோ எடுத்துக்கொண்டது ஒரே தடவைதான். போன ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள். எங்கள் நெசவாளர் சங்கத்தில் புது உறுப்பினர் அட்டைக்குப் படம் கேட்டிருந்தார்கள். இவரைத் தவிர எங்கள் தெருவில் இன்னும் பதினொரு பேர் மொட்டை போட்டிருந்தார்கள். சங்கச் செயலாளர் வேதாசலம், இன்னொரு நடை எதற்கு என்று, பன்னிரண்டு பேரையும் அப்படியே அடிவாரத்து ஸ்டுடியோவில் வரிசையாக உட்கார வைத்து எடுத்துவிட்டார். அன்றைக்கு ஸ்டுடியோவுக்குப் போலீசும் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்ததாக இவர் சொன்னது அப்போதுதான் நினைவு வந்தது. கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்து திருட அவனும் மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருந்தானாம்.

பன்னிரண்டு மொட்டை, அப்புறம் ஒரு பதின்மூன்றாவது மொட்டை. ஸ்டுடியோக்காரன் யார் முகத்தைக் கண்டான்? படத்தோடு வைத்த பெயர்ச் சீட்டு மாறியிருக்கிறது. இவர் படம் போலீசுக்குப் போனதென்றால், திருடன் படம் எங்கே போயிருக்கும்? கையிலிருந்த குண்டானை அப்படியே போட்டுவிட்டுச் சங்கத்துக்கு ஓடினேன்.

வேதாசலம் அட்டைகளைப் பூட்டி வைத்திருந்த பீரோவைத் திறக்க மாட்டேன் என்றார். சங்கத்து அட்டையில் தப்பு வராதாம், அவர் கையாலேயே ஒட்டி, அவர் கையாலேயே முத்திரை குத்தினாராம். திறக்கிறவரைக்கும் நகரமாட்டேன் என்று வாசற்படியில் உட்கார்ந்தேன். நூல் வாங்க வந்தவர்கள் எல்லாம் தாண்ட முடியாமல் நின்றார்கள். அரைமணி நேரத்தில் பீரோ திறந்தது. பதினொரு அட்டையிலும் அவரவர் மொட்டை சரியாக இருந்தது. பன்னிரண்டாவது அட்டையில் ‘வீரபத்திரன்’ என்ற பெயருக்குப் பக்கத்தில், இடது புருவம் இரண்டாகப் பிளந்த ஒருவன் என்னை முறைத்துப் பார்த்தான். நெற்றி நிறைய எங்கள் சங்கத்தின் ஊதா முத்திரை.

வேதாசலத்துக்கு வேர்த்துவிட்டது. ஒரு வருஷமாக ஒரு ஜேப்படிக்காரன் எங்கள் சங்கத்தில் உறுப்பினர்! யாருமே பார்க்கவில்லை. மொட்டையும் சந்தனமும் இருந்தால் பக்தன்தான் என்று எங்கள் ஊருக்கு நினைப்பு.

மறுநாள் முதல் பஸ்ஸில் அட்டையோடு பந்தலுக்குப் போனேன். சப்-இன்ஸ்பெக்டர் வாங்கிப் பார்த்துவிட்டு, இதுவும் ஒரு மொட்டை, அதுவும் ஒரு மொட்டை, இதுதான் சின்னசாமி என்று யார் சொல்வது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். போன வருஷம் அவனைப் பிடித்தவர் யார் என்று நான் திருப்பிக் கேட்டேன். குளத்தங்கரையில் டூட்டியில் இருந்த ஏட்டு வீராசாமியைக் கூட்டிவர ஆள் போயிற்று. அவர் வருகிற வரைக்கும் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு நின்றேன். எனக்கும் பயம் இருக்காதா?

ஏட்டு வந்து அட்டையை வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையைக் காட்டினார்.

“இவன்தாங்க சின்னசாமி. ஓடும்போது புடிச்சேன், கடிச்சிட்டான். இவன் பல்லு இன்னும் எங்கையில கீதுங்க.”

“பலகையில இருக்கறது?” என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

ஏட்டு வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “அந்த ஆள நான் பார்த்ததே இல்லீங்க. பலகை ஒட்டும்போது எனக்குக் குளத்துல டூட்டி.”

சப்-இன்ஸ்பெக்டர் அட்டையை மறுபடி வாங்கிப் பார்த்தார். அப்புறம், சரிம்மா, கூட்டம் கலைந்ததும் ராத்திரி எடுத்துவிடச் சொல்கிறேன் என்றார்.

“பட்டப்பகல்ல ஒட்டினீங்க. பட்டப்பகல்லயே எடுங்க. உங்க கையாலயே எடுங்க.”

அந்த மனுஷனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்து வந்தார். பூக்காரிகளும் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, என் வீட்டுக்காரர் படத்தை நகத்தால் மெதுவாகப் பிரித்தெடுத்தார். ‘இவர் குற்றவாளி அல்ல, தவறாக ஒட்டப்பட்டது’ என்று கூட்டத்துக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் படத்தை என் கையில் கொடுத்தார். அட்டையிலிருந்து சின்னசாமியைப் பிய்த்து அந்த இடத்தில் ஏட்டு ஒட்டினார். நெற்றியில் ஊதா முத்திரை அப்படியே இருந்தது.

கிருத்திகையன்று பொழுது விடிந்ததும் என் வீட்டுக்காரர் நாவிதர் முன்னால் போய் உட்கார்ந்தார். ஒரு முடி பாக்கியில்லாமல் எடுக்கச் சொன்னார். சந்தனம் பூசி, காவடியைத் தோளில் ஏற்றி, பலகைக்கு எதிரே வந்ததும் நின்றுவிட்டார். காவலுக்கு நின்ற சின்ன வயதுப் போலீஸ்காரன் பலகையைப் பார்த்தான், இவர் மொட்டையைப் பார்த்தான், மறுபடி பலகையைப் பார்த்தான்.

“இன்னா நைனா பார்க்கற?” என்றார் என் வீட்டுக்காரர். என்னைத் தவிர யாரிடமும் வாய் திறக்காத மனுஷன். “அவன் எங்க சங்கத்துல ஒரு வருசம் இருந்தான். மூணு நாளு முன்னாடிதான் நீக்கினோம்.”

அவன் சிரித்துக்கொண்டே வழி விட்டான். என் இடுப்பில் அம்மு இருந்தாள். பலகையில் இருக்கிற ஒன்பது பேரையும் விரலால் தொட்டுத் தொட்டு, “இது அப்பா இல்ல, இது அப்பா இல்ல” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஒன்பதாவதையும் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.